வெயில் வளர்க்கும் சதை

எங்கள் வீட்டில் அதற்குத் தனியாகப் பெயர் கிடையாது. 'அப்பா கண்ணுல இருக்கிற சதை' என்பார் அம்மா. அப்பா அதையும் சொல்ல மாட்டார். 'கண்ணு லேசா செவந்துருக்கு' என்பதோடு முடித்துக்கொள்வார். வலது கண்ணில் மூக்கை ஒட்டிய மூலையிலிருந்து கிளம்பி, கருவிழியை நோக்கி முக்கோணமாக நீண்டு கிடக்கும் இளஞ்சிவப்புச் சதை அது. நான் இடைநிலைப்பள்ளியில் படித்த காலத்திலேயே அங்கே இருந்தது. அப்பாவோடு நெடுஞ்சாலை ஓரத்தில் புல் வெட்டும் ஆட்களில் இன்னும் இரண்டு பேருக்கும் அதேபோல உண்டு. மீன் விற்பவர்கள், சாலை போடுபவர்கள் என்று வெயிலிலேயே நிற்கிறவர்களிடம் கொஞ்ச நேரம் முகம் பார்த்துப் பேசினால் யாராவது ஒருவர் கண்ணில் அது தட்டுப்பட்டுவிடும்.

மருத்துவத்தில் அதற்கு டெரிஜியம் என்று பெயர். இறக்கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. சீன மொழியிலும் 'இறக்கை வடிவச் சதை' என்கிற பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். பூச்சியின் இறக்கையை ஒட்டவைத்ததைப்போல இருப்பதால் வந்த பெயர். அதற்கு ஒரு தம்பி உண்டு. பிங்குவெக்குலா. கருவிழிக்குள் நுழையாமல், வெள்ளை விழியிலேயே மஞ்சளாகப் புடைத்து நிற்கும் சின்ன மேடு. இலத்தீனில் கொழுப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து இந்தப் பெயர்.

போன வருடம் என் இடது கண்ணில் இந்தத் தம்பி வந்து உட்கார்ந்தான். பெயர் விளக்கத்தை வீட்டில் சொன்னபோது தங்கை சொன்னாள்: "அண்ணனுக்குக் கொழுப்புன்னு எங்களுக்கு எப்பவோ தெரியுமே."

உண்மையில் அது கொழுப்பு இல்லை. வெள்ளை விழியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய ஜவ்வுக்கு அடியில் இருக்கும் நார்ப்புரதங்கள் வெயில் பட்டுப்பட்டுச் சிதைந்து திரண்டு நிற்பதுதான் அந்த மேடு. வயதானவர்களுக்குப் பரவலாக வரும். பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. எனக்கு 28 வயது. கட்டுமானத் தளத்தில் வேலை. ஒரு வாரம் தொடர்ந்து மேல்தளத்தில் கான்கிரீட் ஊற்றும் வேலை நடந்தது. அந்த வார இறுதியில் அந்த மேடு சிவந்து, வீங்கி, கண்ணுக்குள் மணல் விழுந்ததைப்போல உறுத்த ஆரம்பித்தது.

*

சிவந்த கண்ணோடு ஒருவர் முதலில் போகிற இடம் மருத்துவமனை இல்லை. மருந்துக்கடை. அப்பாவின் மோட்டார் கூடையில் வருடக்கணக்காக ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பி கிடந்தது. 'செவப்பு போற மருந்து' என்று கேட்டால் கடையில் எடுத்துக் கொடுப்பது. இரண்டு சொட்டு விட்டால் ஐந்து நிமிடத்தில் கண் வெள்ளையாகிவிடும். அப்பாவுக்கு அதில் பெரிய நம்பிக்கை.

அந்த மருந்து செய்வது ஒரே ஒரு வேலை. கண்ணின் மேற்பரப்பில் இருக்கும் ரத்தக் குழாய்களைச் சுருங்க வைக்கும். குழாய் சுருங்கினால் சிவப்பு மறையும். அழற்சி அங்கேயேதான் இருக்கும். மருந்தின் வேகம் தீர்ந்ததும் குழாய்கள் மறுபடி விரியும். தொடர்ந்து பயன்படுத்துகிறவர்களுக்கு முன்பைவிட அதிகமாகவே விரியும். அப்போது இன்னும் இரண்டு சொட்டு. இப்படியே குப்பி தீரும், அடுத்த குப்பி வரும், சதை தன் பாட்டுக்கு வளரும்.

எனக்குப் பார்த்த கண் மருத்துவர் நிதானமாகப் பேசுகிற மனிதர். தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, மெல்லிய கோடாக ஒளி விழும் நுண்ணோக்கியில் பார்த்தார். ஆரஞ்சு நிறச் சாயத்தைத் தொட்டு வைத்து நீல வெளிச்சத்தில் இன்னொரு முறை பார்த்தார். பிறகு ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார்.

கண்ணின் மேல் எப்போதும் கண்ணீரின் மெல்லிய படலம் இருக்கிறது. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இமை அதைச் சமமாகப் பூசிவிட்டுப் போகிறது. சமதளமாக இருக்கும் வரையில் சிக்கல் இல்லை. நடுவில் ஒரு மேடு வந்துவிட்டால் அதன் உச்சியிலும் அடிவாரத்திலும் கண்ணீர் சரியாகப் பரவாது. அந்த இடம் காயும். காய்ந்த இடம் அழற்சியடையும். அழற்சியால் மேடு இன்னும் வீங்கும். வீங்கினால் கண்ணீர் இன்னும் மோசமாகப் பரவும். தளத்தில் கான்கிரீட் தரையை இழுத்துச் சமன் செய்யும்போது ஒரு கல் துருத்திக்கொண்டிருந்தால் அதைச் சுற்றிப் பள்ளம் விழுமே, அதேதான். எனக்கு உடனே புரிந்தது.

ஆகவே முதல் மருந்து செயற்கைக் கண்ணீர். பதப்படுத்தும் இரசாயனம் சேர்க்காத, ஒரு நாளைக்கு மட்டும் பயன்படும் குட்டிக் குழாய்கள். நாளைக்கு ஆறு முறை. கூடவே குளிர்ந்த நீரில் நனைத்த துணி ஒத்தடம். சிவப்பும் வீக்கமும் அதற்கு அடங்காத அளவுக்கு இருந்ததால், வீரியம் குறைந்த ஸ்டீராய்டு சொட்டு மருந்து ஒன்று. புளோரோமெத்தோலோன் என்று பெயர். முதல் வாரம் நாளைக்கு நான்கு முறை, அடுத்த வாரம் இரண்டு முறை, அதோடு நிறுத்த வேண்டும்.

"ரெண்டு வாரத்துக்கு மேல நீங்களா வாங்கிப் போடக்கூடாது" என்றார். ஸ்டீராய்டு சொட்டு மருந்து அழற்சியை அடக்கும். ஆனால் சிலருக்கு அது கண்ணின் உள் அழுத்தத்தை ஏற்றிவிடும். வலி தெரியாது, சிவக்காது, பார்வை நரம்பு மட்டும் மெல்லச் சேதமாகும். நீண்ட நாள் போட்டால் கண்புரை வரலாம். ஏற்கெனவே கிருமித்தொற்று இருக்கும் கண்ணில் போட்டால் அது தீயில் ஊற்றிய எண்ணெய். சிவந்த கண் எல்லாம் ஒரே நோய் கிடையாது என்பதால்தான் அந்த மருந்து மருத்துவர் சீட்டோடு மட்டும் தரப்படுகிறது. நண்பர் மிச்சம் வைத்திருக்கும் குப்பியை வாங்கிப் போடும் பழக்கம் நம்மிடம் நிறையவே உண்டு. அதனால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

பத்து நாளில் என் கண் தெளிந்தது. உறுத்தல் போனது. சிவப்பு போனது. மஞ்சள் மேடு மட்டும் போகவில்லை. மறுபார்வைக்குப் போனபோது இதைச் சொன்னேன். கண் அழுத்தத்தை அளந்துவிட்டு, அவர் சாதாரணமாகச் சொன்னார்: "மருந்து வீக்கத்தத்தான் எடுக்கும். சதைய எடுக்காது. அந்த மாதிரி சொட்டு மருந்து எதுவும் இல்ல."

இந்த விஷயத்தில் பெரும்பாலான குழப்பம் அங்கேதான் இருக்கிறது. சிவப்பு வேறு, வளர்ச்சி வேறு. சிவப்புக்கு மருந்து உண்டு. வளர்ந்ததை எடுக்கக் கத்தி உண்டு. வளரவிடாமல் தடுக்க இருப்பது வெயிலைத் தள்ளி வைப்பது ஒன்றுதான். வெயிலைத் தள்ளி வைப்பது எல்லாருக்கும் முடிகிற காரியமா என்பது அப்பாவின் கண்ணுக்கு வந்தபோதுதான் கேள்வியாக எழுந்தது.

*

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். இந்தச் சதை ஏன் பெரும்பாலும் மூக்கின் பக்கமே வருகிறது? வெயில் கண் முழுக்கத்தானே படுகிறது? சொல்லப்போனால் மூக்கு கொஞ்சம் நிழல்கூடத் தருகிறது. காதுப் பக்கம்தான் திறந்து கிடக்கிறது. அந்தப் பக்கமல்லவா அதிகம் வர வேண்டும்?

1990-களில் சிட்னியைச் சேர்ந்த கண் மருத்துவர் மினாஸ் கொரோனியோ இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். காதுப் பக்கத்திலிருந்து சாய்வாக வரும் ஒளி, கார்னியாவின் வளைவில் பட்டு விலகுகிறது. கருவிழியின் முன்னறையைக் குறுக்காகக் கடந்து எதிர்ப்பக்கத்தில், அதாவது மூக்குப் பக்கத்தில், கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் எல்லையில் போய்க் குவிகிறது. நம் கார்னியாவே ஒரு பூதக்கண்ணாடியாக வேலை செய்கிறது. சின்ன வயதில் பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காய்ந்த இலையைச் சுட்டிருப்போம். அதே வித்தைதான்.

அந்த எல்லை சாதாரண இடம் இல்லை. கார்னியாவின் மேல்தோலைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் மூல உயிரணுக்கள் அங்கேதான் குடியிருக்கின்றன. வெள்ளைப் பக்கத்து ஜவ்வு உள்ளே நுழையாமல் காக்கும் வேலியும் அவைதான். புற ஊதாக் கதிர் வருடக்கணக்கில் அந்த வேலியைக் கெடுத்துவிட்டால் ஜவ்வு ரத்தக் குழாய்களையும் இழுத்துக்கொண்டு கார்னியாவின்மேல் ஏறுகிறது. காற்றும் தூசியும் அழற்சியைத் தூண்டி அதற்குத் துணை போகின்றன.

நிலநடுக்கோட்டின் இருபுறமும் ஏறத்தாழ 37 பாகை வரையிலான பகுதியை டெரிஜியம் வளையம் என்பார்கள். நாம் அந்த வளையத்தின் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறோம். சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் வட்டாரத்துச் சீனர்களிடம் நடந்த கண் ஆய்விலும், வெளியில் நின்று வேலை செய்கிறவர்களிடம் இது கூடுதலாக இருப்பது பதிவாகியிருக்கிறது.

பக்கவாட்டு ஒளிதான் பிரச்சினை என்றால் அதிலிருந்து பல விஷயங்கள் தொடர்கின்றன. முன்பக்கம் மட்டும் மறைக்கும் சின்னச் சட்டகக் கண்ணாடி போதாது. முகத்தோடு வளைந்து பக்கத்தையும் மூடுவது வேண்டும். தொப்பியின் விளிம்பு மேலிருந்து வருவதை மறைக்கும். தரையிலிருந்து எதிரொளிப்பதை மறைக்காது. புல்தரை புற ஊதாக் கதிரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும், உலர்ந்த கடல்மணல் ஏறத்தாழ 15 விழுக்காட்டை அனுப்பும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. மெல்லிய மேகம் மூடிய நாளும் பாதுகாப்பானது இல்லை. கதிரின் பெரும்பகுதி அதைத் தாண்டி வந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. தீபகற்ப மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தி ஓடுகிறது. இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பெரும்பாலும் மதியம் 1 மணிக்குப் பிறகுதான். சாப்பாட்டு நேரத்தில் நிழலில் உட்கார்ந்துவிட்டால் போதும் என்று தோன்றும். தோலுக்கு அது ஓரளவு சரி. கண்ணுக்குச் சரிவராது. சூரியன் தலைக்கு நேர்மேலே இருக்கும்போது புருவமும் இமையும் கண்ணுக்குக் குடை பிடிக்கின்றன. சூரியன் சாய்வாக இருக்கும் முற்பகலிலும் பிற்பகலிலும்தான் கண்ணுக்குள் நேராக அடிக்கிறது. ஜப்பானில் பொம்மைத் தலையின் கண்களில் உணர்விகளைப் பொருத்தி அளந்து இதைக் காட்டியிருக்கிறார்கள். அதாவது வேலை உச்சத்தில் இருக்கும் நேரம்தான் கண்ணுக்கும் உச்ச நேரம்.

எங்கள் தளத்தில் காலைக் கூட்டத்தில் அபாயப் பட்டியல் வாசிப்போம். உயரத்திலிருந்து விழுதல், மின்சாரம், பளு தூக்கி, தெறிக்கும் துண்டுகள், வெப்பத் தாக்கு. வெயில் அந்தப் பட்டியலில் வெப்பமாக மட்டும்தான் இருக்கிறது. 'தண்ணீர் குடியுங்கள்' என்பதோடு அது முடிந்துவிடும். ஒளியாக அதை யாரும் எழுதுவதில்லை. ஒரே நாளில் ஆளை விழவைப்பதுதான் பட்டியலில் ஏறும். இருபது வருடத்தில் கண்ணில் சதை வளர்ப்பது ஏறாது. அதற்குள் அந்தத் தொழிலாளி பங்களாதேஷுக்கோ லொம்போக்குக்கோ திரும்பிப் போயிருப்பார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தளத்தில் தரும் நிறமில்லாத பாதுகாப்புக் கண்ணாடி பெரும்பாலும் பாலிகார்பனேட்டால் ஆனது. அந்தப் பொருள் இயல்பாகவே புற ஊதாக் கதிர்களில் அனேகமாக முழுவதையும் உறிஞ்சிவிடும். கறுப்பாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சிலவற்றில் யு6 என்ற முத்திரைகூட இருக்கும். அமெரிக்கத் தர அளவீட்டில் புற ஊதாத் தடுப்பில் அதுதான் உச்ச எண். பாசார் மாலாமில் வாங்கும் தரம் தெரியாத கறுப்புக் கண்ணாடியைவிட, தலைக்கவசத்தின் மேல் ஏற்றிவிடப்பட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த மலிவுக் கண்ணாடி மேலானது. அது ஏன் மேலே ஏறுகிறது என்றால் வியர்வையில் ஆவி படிகிறது, கீறல் விழுந்து மங்குகிறது, புதிது கேட்டால் கிடங்கில் முகம் சுளிக்கிறார்கள். சொட்டு மருந்தைப் போலவே இதுவும் தொடர்ந்து கிடைத்தால்தான் வேலை செய்யும்.

*

அப்பாவின் கதைக்கு வருகிறேன். குளுவாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பழம் வெட்டினார். நாள் முழுக்க அண்ணாந்து பார்க்கிற வேலை. நீண்ட கம்பின் முனையில் அரிவாள், மேலே வெளிச்சம், கண்ணுக்குள் விழுகிற தூசி. தோட்டம் தாமானாக மாறிய பிறகு நெடுஞ்சாலைக் குத்தகையில் புல் வெட்டப் போனார். முதுகில் இயந்திரம், முகத்தில் கம்பி வலை. வலை கல்லைத் தடுக்கும். வெயிலைத் தடுக்காது.

என் கண்ணைக் காட்டி, அந்தச் சாக்கில் அவரையும் சுகாதாரக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்து பொது மருத்துவமனையின் கண் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். நிபுணரைப் பார்க்க ஐந்து ரிங்கிட். காத்திருப்பு இரண்டு மாதம். பார்த்த மருத்துவர் இளம்பெண், மலாய்க்காரர். அப்பாவை 'அங்கிள்' என்று கூப்பிட்டு, மலாயில் மெதுவாகப் பேசினார். சதை கார்னியாவுக்குள் 3 மில்லிமீட்டருக்கு மேல் வந்துவிட்டது. அது இழுக்கிற இழுப்பில் கார்னியாவின் வளைவு மாறியிருக்கிறது. கண்ணாடிக் கடையில் 'சிலிண்டர்' என்பார்களே, அது இந்தக் கண்ணில் மட்டும் ஏறியிருக்கிறது. இரவில் மோட்டார் ஓட்டும்போது எதிரே வரும் விளக்குகள் நீண்டு தெரிவதாக அப்பா சொல்வது அதனால்தான்.

சிவப்பை முதலில் மருந்தால் அடக்குவோம், பிறகு அறுவை செய்வோம் என்றார். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. தடித்து, சிவந்து, சதைப்பற்றோடு இருக்கும் டெரிஜியம்தான் எடுத்த பிறகு திரும்ப வளரும் வாய்ப்பு அதிகம். மெலிந்து, அடியில் உள்ள குழாய்கள் தெரியும்படி இருப்பது அவ்வளவு முரண்டு பிடிக்காது.

திரும்ப வளர்வது என்ற சொல் வந்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய பழைய தோட்டத்துக் கூட்டாளி ஒருவர் பல வருடங்களுக்கு முன் இதை வெட்டி எடுத்தவர். ஆறு மாதத்தில் முன்பைவிடத் தடிப்பாக வந்துவிட்டது. அந்த ஒரு சம்பவம்தான் அப்பாவை இத்தனை காலம் மருத்துவமனைப் பக்கம் போகவிடாமல் வைத்திருந்தது. மருந்துக்கடைக் குப்பியின் மேல் இருந்த நம்பிக்கை பாதிதான். மீதி இந்தப் பயம்.

அந்தப் பயம் மூடத்தனம் இல்லை. இந்த அறுவையின் வரலாறே திரும்ப வளர்வதன் வரலாறுதான். சுசுருத சம்ஹிதையில் இதை 'அர்மம்' என்று சொல்லி, உப்புத் தூளால் சதையை உறுத்தித் தளர்த்தி, கொக்கியால் தூக்கி அறுக்கும் முறை விவரிக்கப்பட்டிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் நீண்ட காலம் நடந்ததும் சாராம்சத்தில் அதுதான். வெட்டி எடுத்துவிட்டு, அடியிலிருக்கும் வெள்ளைச் சுவரை அப்படியே திறந்துவிட்டுவிடுவார்கள். வெற்றிடம் கிடைத்தால் ஜவ்வு மறுபடி ஓடி வந்து மூடும். வரும் வேகத்தில் கார்னியாவிலும் ஏறும். இதைத் தடுக்கக் கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தார்கள். உயிரணு வளர்ச்சியைத் தடுக்கும் மைட்டோமைசின் மருந்தைத் தடவிப் பார்த்தார்கள். பலன் இருந்தது. ஆனால் சிலருக்கு வெள்ளைச் சுவரே மெலிந்து கரைந்துபோகும் ஆபத்தும் கூட வந்தது.

மாற்று வழி எளிமையானது. திறந்துவிடாதே, மூடு. அதே கண்ணின் மேல்பகுதியிலிருந்து ஆரோக்கியமான ஜவ்வில் ஒரு சின்னத் துண்டை எடுத்து, வெட்டிய இடத்தில் ஒட்டுப் போடுவது. 1985-இல் கென்யனும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு இது பரவியது. நம் பக்கத்திலும் இதற்கு முக்கியமான சான்று இருக்கிறது. சிங்கப்பூரில் டோனல்டு டான் முதலிய மருத்துவர்கள் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 1997-இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் முறை அறுவை செய்துகொண்டவர்களில், திறந்துவிட்ட கண்களில் 61 விழுக்காட்டில் சதை திரும்ப வளர்ந்தது. ஒட்டுப் போட்ட கண்களில் 2 விழுக்காட்டில்தான் வளர்ந்தது. அப்பாவின் கூட்டாளிக்கு எந்த முறையில் செய்தார்கள் என்று அவருக்கே தெரியாது. ஆனால் 61-க்கும் 2-க்கும் நடுவில் எத்தனை மனிதர்களின் பயம் இருக்கிறது என்று அந்த எண்களைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

அந்த ஒட்டுத் துண்டு எடுக்கப்படும் இடம் எனக்குப் பிடித்திருந்தது. மேல் இமைக்கு அடியில் மறைந்திருக்கும் பகுதி. ஆயுள் முழுக்க வெயில் அதிகம் படாத இடம். ஐம்பத்தெட்டு வயது வரை வெயிலிலேயே நின்ற மனிதரின் உடம்பிலும் நிழலில் வளர்ந்த ஒரு துண்டு மிச்சம் இருந்திருக்கிறது.

மருத்துவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அப்பா ஒரே கேள்விதான் கேட்டார். எத்தனை நாள் வேலைக்குப் போகக்கூடாது? குறைந்தது ஒரு மாதம் தூசியிலும் வெயிலிலும் நிற்கக்கூடாது, முடிந்தால் ஆறு வாரம் என்றார். அப்பா தலையாட்டினார். வெளியே வந்து மோட்டார் நிறுத்துமிடம் வரை எதுவும் பேசவில்லை.

"ஆறு வாரம் ஆளு இல்லன்னா குத்தகக்காரன் வேற ஆளப் போட்டுருவான்" என்றார் பிறகு.

"நான் பாத்துக்கிறேன்ப்பா."

"காச நீ பாத்துக்குவ. எடத்த யாரு பாத்துப்பா?"

நாள் கூலி 70 ரிங்கிட். போகாத நாளுக்கு எதுவும் இல்லை. அறுவைக்கு அரசாங்கம் வாங்கும் கட்டணம் சிறியது. அந்த ஆறு வாரம்தான் பெரியது. மருத்துவக் குறிப்பில் 'வெயிலைத் தவிர்க்கவும்' என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். அந்த ஒரு வரியைப் பின்பற்ற, வெயில்தான் சம்பளம் என்றிருக்கும் ஒரு மனிதர் என்னவெல்லாம் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது! அப்பாவே குத்தகைக்காரரிடம் போய்ப் பேசினார். பெருமழைக் காலத்தில் வேலை நாள்கள் எப்படியும் குறையும். டிசம்பரில் தேதி கிடைத்தால் விட்டுத் தருவதாக அவர் சொன்னார். மருத்துவமனையில் கேட்டுப் பார்த்தோம். கிடைத்தது. கண் சிகிச்சையின் நாளை முடிவு செய்தது மழைதான்.

*

அறுவை முக்கால் மணி நேரம் நடந்தது. கண்ணை மரத்துப்போகச் செய்துவிட்டு, அப்பா விழித்திருக்கும்போதே செய்தார்கள். பசை வைத்து ஒட்டும் முறையும் இருக்கிறது. அப்பாவுக்குத் தையல். தலைமுடியைவிட மெல்லிய நூல். எடுத்த சதையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். டெரிஜியம் போலவே தோற்றம் காட்டும் புற்றுநோய் முன்னிலைகள் அரிதாக உண்டு. வேகமாக வளர்வது, வெள்ளையாகத் தடிப்பது, வழக்கமில்லாத இடத்தில் வருவது எல்லாம் எச்சரிக்கை. பெயர் தெரிந்துவிட்டது என்பதற்காக யாரும் கண்ணாடியில் பார்த்து தனக்குத்தானே முடிவு கட்டிவிடக்கூடாது. அப்பாவின் அறிக்கை சுத்தமாக வந்தது.

முதல் மூன்று நாள் வலித்தது. தையல் கரையும் வரை குத்தியது. ஸ்டீராய்டு சொட்டு மருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, பிறகு நாலு முறை, பிறகு குறைத்துக் குறைத்து மூன்று மாதம். அறுவைக்குப் பிறகு எழும் அழற்சிதான் சதை திரும்ப வளர்வதற்கான முதல் அழைப்பு என்பதால், வீக்கத்தை மட்டும் எடுக்கும் மருந்துக்கு இங்கே பெரிய வேலை இருக்கிறது. அம்மா சமையலறை நாள்காட்டியில் ஒவ்வொரு சொட்டுக்கும் கோடு போட்டு வைத்தார். தங்கை கைப்பேசியில் மணி வைத்தாள். அப்பா குளிக்கும்போது கண்ணில் தண்ணீர் படாமல் பார்ப்பது என் வேலை. ஒரு சின்ன ஒட்டைக் காப்பாற்ற வீடே ஷிப்ட் போட்டு நின்றது.

திரும்ப வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் வருடத்துக்குள் தெரிந்துவிடும் என்றார்கள். இப்போது ஏழாவது மாதம். மூலையில் லேசான தழும்பு, அவ்வளவுதான். சிலிண்டர் குறைந்திருக்கிறது. எதிரே வரும் விளக்கு இப்போது விளக்காகவே தெரிகிறதாம்.

அப்பா வேலைக்குத் திரும்பிவிட்டார். 'வேணாம்ப்பா' என்று சொல்லிப் பார்த்தோம். "சும்மா ஒக்காந்தா மனுசன் துருப்புடிச்சிருவான்" என்றார். கம்பி வலைக்கு உள்ளே, முகத்தோடு வளைந்த நிறமில்லாத பாலிகார்பனேட் கண்ணாடி போட்டுக்கொள்கிறார். ஒன்று 12 ரிங்கிட். மாதம் ஒன்று கீறலாகிவிடும். அரை டஜனாக வாங்கி வைத்திருக்கிறேன். போன மாதம் வீட்டுக்குப் போனபோது பெட்டியில் இரண்டுதான் மிச்சம் இருந்தது. கேட்டேன்.

"கூட வேல செய்யிற பசங்களுக்குக் குடுத்தேன். அதுல ஒருத்தனுக்கு இருவத்திரெண்டு வயசுதான். இப்பவே கண்ணு மஞ்சளா இருக்கு" என்றார் அப்பா. குத்தகைக்காரர் வாங்கித் தர மாட்டாரா என்று கேட்டதற்கு, கேட்டிருப்பதாகச் சொன்னார். இன்னும் பதில் வரவில்லை.

அப்பாவின் இடது கண்ணிலும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஒன்று இருக்கிறது. அதற்கு அறுவை தேவையில்லை, அளந்துகொண்டே வருவோம் என்கிறார் மருத்துவர். செயற்கைக் கண்ணீரும் கண்ணாடியும்தான் இப்போதைக்கு. என் மஞ்சள் மேட்டுக்கும் அதே மருத்துவம். அடுத்த பார்வை நாள் நவம்பரில் இருவருக்கும் ஒரே வாரத்தில் வருகிறது. அதற்குள் அந்தப் பையனையும் கிளினிக்குக்கு அழைத்துப் போக வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவன் ஒரு நாள் கூலியை விட வேண்டியிருக்கும். அதைப் பற்றியும் இன்னும் பேசி முடிக்கவில்லை.